நாய் மிட்டாயைத் தின்றுவிட்டதா? முதலில் உறையை எடுத்துப் படியுங்கள்

நாய் ஒரு கடலை மிட்டாயைக் கவ்விக்கொண்டு ஓடித் தின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. அதே நாய் சர்க்கரை இல்லாத சூயிங்கம் இரண்டை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் கால் தள்ளாடி விழலாம். நமக்கு இரண்டுமே மிட்டாய்தான். ஆனால் மிட்டாயால் நாய்க்கு உயிராபத்து வரும்போது சர்க்கரை அதற்குக் காரணமாக இருப்பது அபூர்வம். கூடச் சேர்ந்திருக்கும் கோகோ, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி), உலர்திராட்சை, புளி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் வில்லன். அதனால் 'நாய்க்கு இனிப்பு ஆகாதாமே' என்ற பொது அறிவு இந்த நேரத்தில் எதற்கும் உதவாது. எந்த மிட்டாய், எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்ற நான்கும் தெரிந்தால்தான் மருத்துவராலும் ஏதாவது சொல்ல முடியும்.

முதல் ஐந்து நிமிடம்

துரத்தாதீர்கள். வாயில் இருப்பதைப் பிடுங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் நாய் உறையோடு சேர்த்து விழுங்கிவிடும். சில நாய்கள் கடிக்கவும் செய்யும். பிஸ்கட், வேகவைத்த கோழித் துண்டு என்று அதற்குப் பிடித்த ஒன்றை நாலடி தள்ளிப் போடுங்கள். அது அங்கே போகும்போது மிச்சத்தை அள்ளிவிடுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் அடையுங்கள். யார் எவ்வளவு தின்றது என்று தெரியாவிட்டால், காணாமல் போன முழு அளவையும் ஒவ்வொரு நாயும் தின்றதாகவே வைத்துக் கணக்குப் பாருங்கள்.

அடுத்து உறை. குப்பைக்கூடை, கட்டிலுக்கு அடியில், நாயின் படுக்கை என்று தேடிக் கிழிந்த துண்டுகளைத் தரையில் ஒட்டவைத்துப் பாருங்கள். எத்தனை மிட்டாய் என்ற கணக்கும் கிடைக்கும், உறையில் எவ்வளவு வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பதும் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுங்கள். கடைசியாக அந்தப் பொட்டலத்தை முழுசாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். அதற்குப் பிறகு எந்த நேரத்திலும் தின்றிருக்கலாம்.

எடை தெரியாதா? நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத நாய் என்றால் கடைசியாகத் தடுப்பூசி போட்ட அட்டையைப் பாருங்கள், எடை எழுதியிருக்கும். சந்தேகம் இருந்தால் குறைத்தே சொல்லுங்கள். எடையைக் கூட்டிச் சொன்னால் ஆபத்து குறைவாகத் தெரியும்.

கடைசியாக நாயைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். இடது முன்னங்காலின் முட்டிக்குப் பின்னால் நெஞ்சில் கைவைத்து 15 நொடி இதயத் துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் பெரிய நாய்க்கு 60 முதல் 100, சின்ன நாய்க்கு 100 முதல் 140 வரை இருக்கலாம். இந்த எண்ணைக் குறித்துவைத்தால், இரண்டு மணி நேரம் கழித்து ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.

தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, மூச்சிரைப்பு, வெளுத்த ஈறு, கூப்பிட்டால் எழாத மயக்கம், நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். உறையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், போகிற வழியில் போன் பண்ணுங்கள்.

தொண்டையில் சிக்கியிருந்தால்

உருண்டையான கெட்டி மிட்டாய், குச்சி மிட்டாயின் தலை, ஜெல்லி இவை சின்ன நாய்களின் மூச்சுக்குழலை அடைத்துவிடும். நாய் இருமிக்கொண்டிருந்தால் காற்று போகிறது என்று பொருள், இரும விடுங்கள். சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து தவித்தால், காலால் முகத்தைப் பிறாண்டினால், நாக்கு நீலம் பாய்ந்தால் அடைப்பு.

வாயைத் திறந்து பாருங்கள். மிட்டாய் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் பக்கவாட்டிலிருந்து விரலை வளைத்து எடுங்கள். தெரியாததைத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். சின்ன நாயைப் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கலாம். பெரிய நாய்க்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவராவிட்டால் பின்னால் நின்று, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே வயிற்றில் முஷ்டியை வைத்து, மேலும் முன்னுமாக ஐந்து முறை அழுத்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வாய்க்குள் பாருங்கள். வெளியே வந்துவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அழுத்தியதில் விலாவோ நுரையீரலோ அடிபட்டிருக்கலாம்.

உறையில் தேட வேண்டியது: 967

சூயிங்கம், மின்ட், 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட எதுவானாலும் முதலில் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். பல உறைகளில் பெயர் இருக்காது, 'இனிப்பூட்டி 967' என்று எண் மட்டும் இருக்கும். 'பாலியால்கள் (சைலிட்டால் வகை இனிப்பூட்டிகள்) பேதியை உண்டாக்கலாம்' என்ற மாதிரி எச்சரிக்கை வரி இருந்தாலும் உள்ளடக்கப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். பக்கத்திலேயே 420 (சார்பிட்டால்), 421 (மானிட்டால்), 965 (மால்டிட்டால்), 951 (ஆஸ்பர்டேம்), 955 (சுக்ரலோஸ்) என்றெல்லாம் இருக்கும். அவற்றால் வயிற்றுப்போக்கு வரலாம், அதற்கு மேல் பெரிதாகப் பயமில்லை. 967 மட்டும் வேறு ஜாதி.

மனிதர்களின் கணையம் சைலிட்டாலைக் கண்டுகொள்வதில்லை. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டிவிடும். சர்க்கரை உள்ளே வராமலேயே இன்சுலின் வந்தால் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். உடல் எடை கிலோவுக்கு 0.1 கிராம் சைலிட்டால் போனாலே இது நடக்கும். கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் பழுதாகலாம். ஒரு சூயிங்கத்தில் 0.3 கிராமிலிருந்து 1 கிராம் வரை சைலிட்டால் இருக்கும். 8 கிலோ ஸ்பிட்ஸுக்கு ஆபத்து 0.8 கிராமில் தொடங்குகிறது, அதாவது ஒன்றிலிருந்து மூன்று சூயிங்கம் போதும். உள்ளடக்கப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாகப் போடப்படுவது. 967 முதல் இரண்டு இடத்துக்குள் இருந்தால் ஒன்றுக்கு 1 கிராம் என்றே கணக்கு வையுங்கள்.

அறிகுறி அரை மணியிலேயே தெரியலாம், சூயிங்கம் மெல்லக் கரைவதால் 12 மணி நேரம் வரை தள்ளியும் போகலாம். வாந்தி, சோர்வு, குடித்ததுபோல நடை, பிறகு வலிப்பு. சைலிட்டால் தின்ற நாய் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், உடனே மருத்துவமனை. போகும் வழியில் தள்ளாட ஆரம்பித்தால் தேனையோ, கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ ஒரு தேக்கரண்டி எடுத்து ஈறில் தேய்த்துவிடுங்கள். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். தேன் கொடுத்ததும் எழுந்து நின்றால் சரியாகிவிட்டது என்று வண்டியைத் திருப்பாதீர்கள். இன்சுலின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பற்பசை, மவுத்வாஷ், சில இருமல் சிரப்புகளிலும் சைலிட்டால் உண்டு என்பதை இதோடு நினைவில் வையுங்கள்.

சாக்லேட்: ஒரு சின்னக் கணக்கு

கோகோவில் உள்ள தியோப்ரோமினும் கஃபீனும்தான் இங்கே நஞ்சு. மனித உடல் தியோப்ரோமினைச் சில மணி நேரத்தில் கழித்துவிடும். நாயின் உடலில் பாதி குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். அதனால்தான் காலையில் தின்ற சாக்லேட்டுக்கு ராத்திரி முழுக்க நாய் ஆட்டம் போடுகிறது.

ஒரு கிராமில் இவை இரண்டும் சேர்ந்து உத்தேசமாக இவ்வளவு இருக்கும்: மில்க் சாக்லேட்டில் 2 மில்லிகிராம், சாதாரண டார்க் சாக்லேட்டில் 5 முதல் 6, 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ளதில் 9, கேக்குக்குப் பயன்படுத்தும் இனிப்பில்லாத சாக்லேட் கட்டியில் 15, கோகோ பவுடரில் 28 வரை. வெள்ளைச் சாக்லேட்டில் கணக்கிலேயே வராத அளவுதான். அதில் கொழுப்புதான் பிரச்சினை.

தின்ற கிராமை இந்த எண்ணால் பெருக்கி நாயின் எடையால் வகுங்கள். விடை 20ஐ நெருங்கினால் வாந்தி, பேதி, தண்ணீர் தாகம், ஓரிடத்தில் நிற்காத பரபரப்பு. 40 முதல் 50 என்றால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60க்கு மேல் வலிப்பு.

8 கிலோ நாய் 40 கிராம் மில்க் சாக்லேட் தின்றது என்று வைத்துக்கொள்வோம். 40 × 2 ÷ 8 = 10. வயிற்றுக் கோளாறோடு போய்விடும். அதே நாய் அதே 40 கிராமில் 70 சதவீத டார்க் சாக்லேட் தின்றிருந்தால் 40 × 9 ÷ 8 = 45. இது மருத்துவமனைக் கேஸ். கோகோ பவுடர் என்றால் ஒரு மேசைக்கரண்டியே, அதாவது 6 கிராமே, அந்த நாயை 20க்குக் கொண்டுபோய்விடும். 30 கிலோ லாப்ரடார் 40 கிராம் மில்க் சாக்லேட்டைத் தின்றால் விடை 3கூட வராது. இந்த ஒரு வித்தியாசத்தால்தான் 'எங்க நாய் தினமும் சாக்லேட் சாப்பிடுது, ஒண்ணும் ஆகலை' என்று சொல்கிறவரையும், நாயை இழந்தவரையும் ஒரே தெருவில் பார்க்க முடிகிறது. அவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அந்தப் பேச்சு உங்கள் நாய்க்குப் பொருந்தாது.

இந்தக் கணக்கு வழிகாட்டத்தான். வயதான நாய், இதய நோய் உள்ள நாய், வலிப்பு வரும் நாய் என்றால் 20க்குக் கீழே இருந்தாலும் போன் பண்ணிக் கேளுங்கள். கடைப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு ரூபாய் சாக்லேட் மிட்டாய்களில் பெரும்பகுதி சர்க்கரையும் தாவரக் கொழுப்பும்தான், கோகோ சொற்பம். பிரவுனி, சாக்லேட் கேக்கில் எவ்வளவு கோகோ என்று செய்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அறிகுறி பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தெரியும், மூன்று நாள் வரை நீடிக்கலாம்.

திராட்சை, புளி மிட்டாய்

லட்டு, கேசரி, பாயசம், பிளம் கேக், சாக்லேட் பூசிய கிஸ்மிஸ் என்று நம் இனிப்பில் பாதியில் உலர்திராட்சை இருக்கிறது. சில நாய்களுக்கு அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இதற்கு சாக்லேட் மாதிரி கணக்குப் போட முடியாது. ஒரு நாய் கைநிறையத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று சிலவற்றிலேயே படுத்துவிடும்.

காரணம் வெகுநாள் பிடிபடாமல் இருந்தது. கிரீம் ஆஃப் டார்டார் (டார்டாரிக் அமிலத்தின் உப்பு, கேக் செய்யப் பயன்படுவது) கலந்து வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் இதே மாதிரி சிறுநீரகம் கெட்டதைப் பார்த்த அமெரிக்க நஞ்சியல் மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று 2021இல் எழுதினார்கள். மறு ஆண்டு வெளிவந்த ஆய்வறிக்கையில் புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களும் இருந்தன. புளியின் புளிப்புக்குப் பெரும்பங்கு காரணம் இந்த அமிலம்தான். ஆக, பெட்டிக்கடைப் புளி மிட்டாயையும், சீனி தூவிய புளி உருண்டையையும் திராட்சை வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். புளிப்பு ஜெல்லி மிட்டாய்களின் உறையில் 334 என்று இருந்தால் அதுவும் டார்டாரிக் அமிலம்தான். அளவு குறைவாக இருக்கலாம், இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். 330 என்பது சிட்ரிக் அமிலம், அது வேறு.

முதல் நாள் வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் இறங்கும்: முதலில் அதிகம் சிறுநீர், பிறகு குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். நின்றபிறகு மீட்பது மிகக் கடினம். எனவே நாய் நன்றாக இருக்கும்போதே போக வேண்டும்.

மற்ற இனிப்புகள்

கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தேன் மிட்டாய், கமர்கட்டு, பால்கோவா போன்றவை ஒன்றிரண்டு போனால் அதிகபட்சம் பேதி. சர்க்கரை நோய் உள்ள நாய் என்றால் மட்டும் மருத்துவரிடம் கேட்டு நடங்கள். பொருள்விளங்கா உருண்டை பல்லைப் பதம் பார்க்கும். மனிதர்களின் பல்லே தப்பாது.

நெய்ப் பலகாரத்தை அப்படி விட முடியாது. மைசூர்பாகோ, அல்வாவோ கால் கிலோவை ஒரே மூச்சில் தின்ற நாய்க்குக் கணைய அழற்சி வரலாம். தீபாவளி அன்றைக்குத் தின்றதற்கு இரண்டு நாள் கழித்து வாந்தி எடுக்கும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பாகத்தைத் தூக்கி, கும்பிடுவதுபோல நிற்கும். வயிற்றுவலி தாங்காமல் அப்படி நிற்கிறது, கொஞ்சிப் படம் எடுக்க வேண்டாம். உடல் பருத்த நாய்களுக்கும் மினியேச்சர் ஷ்னாசர் இனத்துக்கும் இது எளிதில் வரும்.

இனிப்புப் பாக்குப் பொட்டலம் தனி ஆபத்து. பாக்கில் உள்ள அரிகோலின் ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு மருந்தாகக் கொடுக்கப்பட்டதுதான். அளவு கூடினால் எச்சில் ஒழுகி, வாந்தி பேதியாகி, உடல் நடுங்கும். கஞ்சா கலந்த சாக்லேட் என்றால் நாய் கால் பின்னி, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு, படுத்த இடத்தில் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விடும். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் போலீஸ் இல்லை. தெரியாவிட்டால் தேவையில்லாத பரிசோதனையில் நேரம் போகும்.

உப்புத்தண்ணீர் வேண்டாம்

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் நாயைக் கெடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லும் உப்புக் கரைசல் வாந்தியை வரவழைக்கலாம். வராவிட்டால் அந்த உப்பு முழுவதும் இரத்தத்தில் ஏறி மூளையைப் பாதித்து வலிப்பைக் கொண்டுவரும். புளித்தண்ணீர் ஏன் கூடாது என்பதை மேலேயே பார்த்தோம். தொண்டையில் விரலை விடுவது கடி வாங்குவதற்கும் தொண்டையைக் கிழிப்பதற்கும்தான் வழி. பால், பச்சை முட்டை, விளக்கெண்ணெய் எதுவும் நஞ்சை முறிக்காது. அடுப்புக்கரியை இடித்துக் கொடுப்பதும் அப்படித்தான். மருத்துவர் கொடுக்கும் 'ஆக்டிவேட்டட் சார்கோல்' வேறு பொருள், சைலிட்டாலுக்கு அதுவும் சரியாக வேலை செய்யாது. வயிற்றுவலிக்கு என்று பாரசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்தால் அது இரண்டாவது நஞ்சு.

வாந்தி எடுக்க வைக்கலாமா?

மருத்துவமனை அரை மணி தூரத்துக்குள் என்றால் வீட்டில் முயல வேண்டாம். அங்கே ஊசி மூலம் வாந்தி எடுக்க வைப்பது வேகம், வயிற்றுக்கும் பாதிப்பு குறைவு. பொதுவாகத் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் பலன் உண்டு. சாக்லேட் வயிற்றில் கட்டியாக ஒட்டிக்கிடப்பதால் சில சமயம் ஆறு மணி நேரம் வரைகூடப் பலன் தரும்.

தூரம் அதிகம், மருத்துவர் போனில் 'கொடுங்கள்' என்று சொல்கிறார் என்றால் அதற்கு ஒரே பொருள் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. இங்கேதான் ஒரு கண்ணி. நம் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பது 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். அப்படியே கொடுத்தால் உணவுக்குழாயும் இரைப்பையும் புண்ணாகும். சம அளவு தண்ணீர் கலந்தால்தான் 3 சதவீதமாகும். முடிக்குச் சாயம் போடும் பெராக்சைடு கிரீமை நினைத்தும் பார்க்க வேண்டாம். நீர்த்ததிலிருந்து கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி, எவ்வளவு பெரிய நாயானாலும் மொத்தம் 45 மில்லிக்கு மேல் போகக் கூடாது. ஊசி இல்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நாயை நடத்துங்கள். வயிறு காலியாக இருந்தால் முன்னதாக ஒரு துண்டு ரொட்டி கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் நுரையோடு வாந்தி வரும். வராவிட்டால் இன்னும் ஒரே ஒரு முறை, மூன்றாவது கிடையாது. எடுத்த வாந்தியை நாய் திரும்பத் தின்ன வரும், விலக்கிவிட்டு ஒரு குச்சியால் கிளறி எத்தனை துண்டு வந்திருக்கிறது என்று எண்ணுங்கள்.

மயக்கமாக இருக்கிற, நடுங்குகிற, வலிப்பு வந்த நாய்க்கு இதைச் செய்யவே கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் அதே ஆபத்து. கூரான குச்சியோ பெரிய பிளாஸ்டிக் உறையோ போயிருந்தால் திரும்பி வரும்போது கிழித்துக்கொண்டு வரும். சைலிட்டால் என்றால் வாந்திக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே சர்க்கரை இறங்கிவிடலாம், நேராகக் கிளம்புவதே மேல்.

போனில் என்ன சொல்வது

'டாக்டர், நாய் ஏதோ மிட்டாய் சாப்பிட்டுடுச்சு, என்ன பண்றது?' என்று ஆரம்பித்தால் அவர் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இப்படிச் சொல்லுங்கள்: 'டாக்டர், 8 கிலோ ஸ்பிட்ஸ், நாலு வயசு, வேற நோய் எதுவும் இல்லை. 70 பர்சன்ட் டார்க் சாக்லேட் 40 கிராம் தின்னிருக்கு, ஒரு மணி நேரத்துக்குள்ள. இன்னும் வாந்தி எடுக்கலை, துடிப்பு 130 இருக்கு. உறையை வாட்ஸ்அப்ல அனுப்பவா?' அரை நிமிடத்தில் அவருக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடும்.

எந்த க்ளினிக் ராத்திரி திறந்திருக்கும் என்பதைச் சம்பவம் நடந்த பிறகு தேடாதீர்கள். இன்றைக்கே கேட்டு எண்ணைச் சேமியுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நேரத்தையும் விசாரித்து வைத்துக்கொள்ளலாம். 1962 என்ற எண் முக்கியமாக ஆடு மாடுகளுக்கு வீடு தேடி வரும் ஊர்திக்கானது. நஞ்சு தின்ற நாயை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பதைவிட நாமே தூக்கிக்கொண்டு போவது வேகம். நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணும் போனில் இருக்கட்டும். பலர் கடைசி நேரத்தில் திண்டாடுவது அதற்குத்தான்.

மருத்துவமனையில்

ஏன் இரண்டு மூன்று நாள் வரச்சொல்கிறார்கள் என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. சைலிட்டால் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை இரத்தச் சர்க்கரை பார்த்து, தேவைப்பட்டால் டெக்ஸ்ட்ரோஸ் ட்ரிப்ஸ் ஏற்றுவார்கள். கல்லீரல் பாதிப்பு தாமதமாகத் தெரியும் என்பதால் 24, 48, 72 மணிகளில் இரத்தம் எடுப்பார்கள். திராட்சைக்கும் புளிக்கும் 48 மணி நேரம் வரை ட்ரிப்ஸ், கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை. நாய் நன்றாக வாலாட்டுகிறதே என்று பாதியில் நிறுத்தினால் மூன்றாம் நாள்தான் விளைவு தெரியும். சாக்லேட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. துடிப்பையும் நடுக்கத்தையும் அடக்கி, ட்ரிப்ஸ் ஏற்றி, உடம்பு அதைக் கழிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னால்

சாக்லேட் தின்ற நாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிப்போங்கள். தியோப்ரோமின் சிறுநீர்ப்பையிலிருந்து மறுபடி இரத்தத்துக்குள் ஏறக்கூடியது, தேங்க விடக் கூடாது. சங்கிலியில் பிடித்தே போங்கள். பரபரப்பில் சாலைக்கு ஓடும். விசிறிக்குக் கீழே, சத்தம் குறைந்த அறையில் படுக்கவையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வாந்தி எடுத்த நாய்க்கு ஆறேழு மணி நேரம் சாப்பாடு வேண்டாம். குட்டிகளைப் பட்டினி போடாதீர்கள், அவற்றுக்கு மருத்துவரைக் கேளுங்கள். பிறகு குழைந்த சோறும் உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகக் கொடுங்கள்.

உறையை விழுங்கிய நாயின் மலத்தை ஐந்து நாள் வரை கிளறிப் பார்க்க வேண்டும். பையில் கைவிட்டு எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், பளபளப்புத் தாள் எளிதில் தெரியும். மலத்துவாரத்தில் பிளாஸ்டிக் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடல் சுருங்கிக் கிழியலாம். வெளியே நீட்டியிருப்பதை மட்டும் கத்தரித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். தின்றதெல்லாம் வாந்தியாக வருகிறது, இரண்டு நாளாக மலம் இல்லை, வயிறு இறுகியிருக்கிறது என்றால் குடலில் அடைப்பு. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது, பெரும்பாலும் ஸ்கேன் எடுக்க வேண்டிவரும். எனவே உறையில் எவ்வளவு காணவில்லை என்று முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்த அந்தப் படத்தை ஒரு வாரமாவது போனிலிருந்து அழிக்காமல் வைத்திருங்கள்.